மேக்கில் ஓஎஸ்ஸை மறுபடி போட்டபின் இரண்டு ‘டேட்டா’ வால்யூம் தெரிகிறதா? படிப்படியாகச் சரிசெய்யும் வழி

என் பழைய மேக்புக் ஏரை அக்கா மகளுக்குக் கொடுக்க முடிவு செய்தேன். 2018 மாடல், 128 ஜிபி, கேட்டலினா ஓஎஸ். ரெக்கவரிக்குள் (மேக்கைப் பழுதுபார்க்கவும் ஓஎஸ்ஸை மறுபடி போடவும் உள்ள தனித் திரை) போய் டிஸ்க்கை அழித்து, ஓஎஸ்ஸை மறுபடி போட்டு, துடைத்துப் பையில் வைத்துக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் போன் வந்தது.

“மாமா, புதுசாத்தானே ஓஎஸ் போட்டீங்க? 28 ஜிபிதான் காலின்னு காட்டுது. அப்புறம் ‘மேக்கின்டாஷ் எச்டி - டேட்டா’ன்னு ஒண்ணு தனியா நிக்குது. அதுக்குள்ள உங்க பேர்ல ஒரு ஃபோல்டர் இருக்கு.”

அந்த ஃபோல்டரில் என் ஆதார், பான் அட்டைகளின் ஸ்கேன், அப்பாவின் ஆஸ்பத்திரி ரசீதுகள், பல வருடத்துப் படங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. அழித்துவிட்டேன் என்று நான் நம்பிய எதுவும் அழிந்திருக்கவில்லை. என் வீட்டுப் பிள்ளை கையில் கிடைத்ததால் போயிற்று. முன்பின் தெரியாதவருக்கு விற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே இன்றும் பதறுகிறது.

இதைச் சரிசெய்யக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வாரக் கடைசிகள் போயின. உங்களுக்கு ஒரு மாலை போதும். இதில் சொல்வது 2019இல் வந்த கேட்டலினாவுக்கும் அதற்குப் பிந்தைய மேக் ஓஎஸ்களுக்கும் பொருந்தும். மெனுப் பெயர்கள் திரையில் ஆங்கிலத்தில் இருக்கும். அவற்றை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன்.

1. உங்களிடம் இருப்பது உண்மையிலேயே இரட்டையா?

இதைப் பார்க்காமல் எதையும் தொடாதீர்கள். கேட்டலினாவிலிருந்து எல்லா மேக்கிலும் இரண்டு வால்யூம், அதாவது டிஸ்க்குக்குள் இரண்டு தனிப் பகுதிகள், இருப்பதே இயல்பு. ‘மேக்கின்டாஷ் எச்டி’யில் ஓஎஸ் மட்டும் இருக்கும், அதில் நாம் எதையும் எழுத முடியாது. ‘மேக்கின்டாஷ் எச்டி - டேட்டா’வில் உங்கள் கோப்புகளும் நீங்கள் போட்ட ஆப்களும் இருக்கும். சில மேக்குகளில் இதன் பெயர் வெறும் ‘டேட்டா’. இரண்டும் ஒரு ஜோடி. ஃபைண்டரில் பார்க்கும்போது ஒரே டிஸ்க் போலத் தெரியும்படி ஓஎஸ் அவற்றைச் சேர்த்துக் காட்டுகிறது.

இந்த ஜோடியைப் பார்த்துவிட்டு, “ஐயோ, இரண்டாக இருக்கிறதே” என்று பதறி டேட்டாவை நீக்கியவர்கள் உண்டு. நீக்கினால் போவது உங்கள் கோப்புகள் அத்தனையும்.

சரிபார்க்க, அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டரில் யுட்டிலிட்டீஸ், அதற்குள் டிஸ்க் யுட்டிலிட்டியைத் திறங்கள். வியூ மெனுவில் ‘ஷோ ஆல் டிவைசஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இடப்பக்கம் ஒரு மரம்போல விரியும். உச்சியில் இருப்பது நிஜமான எஸ்எஸ்டி. அதன்கீழ் ‘கன்டெய்னர்’. அதற்கும் கீழே வால்யூம்கள்.

சிஸ்டம் ஒன்று, டேட்டா ஒன்று என்றால் உங்களுக்கு ஒரு சிக்கலும் இல்லை, இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். டேட்டா இரண்டு இருந்தால் தொடர்ந்து படியுங்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் இருக்கலாம். ‘மேக்கின்டாஷ் எச்டி - டேட்டா - டேட்டா’ என்று வால் நீண்டும் இருக்கலாம். மூன்று முறை ஓஎஸ் போட்டவரின் மேக்கில் மூன்று டேட்டாக்களைக் கண்டிருக்கிறேன்.

காரணம் இதுதான். ரெக்கவரியில் பலரும் ‘மேக்கின்டாஷ் எச்டி’யை மட்டும் தேர்ந்தெடுத்து அழிக்கிறோம். ஜோடியில் ஓஎஸ் பாதி போய்விடும், டேட்டா பாதி அங்கேயே நிற்கும். அப்புறம் இன்ஸ்டாலர் வந்து புது ஓஎஸ்ஸோடு சேர்த்து ஒரு புது டேட்டாவையும் உருவாக்கிக்கொள்ளும். பழைய டேட்டா துணையில்லாமல், ஆனால் முழுச் சரக்கோடு, இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். ஒரு கன்டெய்னருக்குள் இருக்கும் வால்யூம்கள் எல்லாம் ஒரே இடத்தைப் பங்குபோட்டுக்கொள்பவை. அதனால்தான் புது ஓஎஸ் போட்ட கணினியில் இடமே இல்லை என்று காட்டுகிறது.

2. கையில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை

பாதி வழியில் கடவுச்சொல் தேடி அலையாமல் இருக்க, உட்காரும் முன்பே இவற்றை எடுத்து வையுங்கள்.

ஆப்பிள் கணக்கின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் வேண்டும். அந்தக் கணக்குக்குச் சரிபார்ப்பு எண் எந்த போனுக்கு வருமோ அந்த போனும் பக்கத்தில் இருக்கட்டும்.

ஃபைல்வால்ட் (டிஸ்க்கைக் கடவுச்சொல்லால் பூட்டும் வசதி) போட்டிருந்தீர்கள் என்றால் பழைய பயனர் கடவுச்சொல் அல்லது ரெக்கவரி கீ வேண்டும். ரெக்கவரி கீ என்பது நான்கு நான்காகப் பிரித்த 24 எழுத்துகள். பழைய டேட்டாவைத் திறக்க இந்த இரண்டைத் தவிர வேறு வழி கிடையாது. எந்தக் கடையிலும் திறந்து தர முடியாது. திறந்து தருகிறேன் என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள்.

வாங்கிய பில், வரிசை எண்ணோடு. செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தால் இது இன்னும் முக்கியம். முழுவதும் அழித்தபின் பழைய உரிமையாளரின் கணக்கில் கணினி பூட்டிக்கொண்டால், ஒன்று அவரே தன் கணக்கிலிருந்து அதை நீக்க வேண்டும், இல்லையென்றால் நீங்கள் ஆப்பிளிடம் வாங்கியதற்கான சான்றைக் காட்ட வேண்டும். வரிசை எண் அச்சிடாத கைப்பில் பெரிதாக உதவாது. வாங்கும்போதே எண்ணை எழுதிக் கேளுங்கள்.

வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று. பழைய டேட்டாவின் அளவுக்கு மேல் அதில் காலி இடம் இருக்க வேண்டும். அப்புறம் சார்ஜர், ஒரு தாள், ஒரு பேனா. தாள் எதற்கென்று நான்காம் படியில் தெரியும்.

3. எவ்வளவு செலவு, எவ்வளவு நேரம்

இரண்டு வழிகள் உள்ளன. துணையில்லாத பழைய டேட்டாவை மட்டும் நீக்குவது ஒன்று. எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து ஓஎஸ் போடுவது மற்றொன்று. கணினி ஒழுங்காக ஓடுகிறது, இடம்தான் பிரச்சினை என்றால் முதல் வழியே போதும். பெரும்பாலானோருக்கு அதுதான் தேவை.

முதல் வழிக்குச் செலவே இல்லை. நீக்குவதற்குச் சில வினாடிகள் ஆகும். நேரமெல்லாம் பழைய கோப்புகளை நகலெடுப்பதில்தான் போகும். என் 71 ஜிபியைச் சாதாரண யுஎஸ்பி ஹார்டு டிஸ்க்கில் ஏற்ற முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. சின்னச் சின்னக் கோப்புகள் நிறைய இருந்தால் இன்னும் இழுக்கும்.

இரண்டாம் வழிக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். ஓஎஸ்ஸுக்குக் காசு கிடையாது, ஆனால் தரவிறக்கம் பெரிது. கேட்டலினாவுக்கு அடுத்து வந்த பிக் சர் முதலான ஓஎஸ்கள் 12 ஜிபியைத் தாண்டும். நாளுக்கு ஒன்றரை, இரண்டு ஜிபி என்று அளந்து தரும் போன் பிளானில் ஹாட்ஸ்பாட் போட்டு இதைத் தொடங்கினால் நடுவழியில் நின்றுவிடும். அந்த நேரத்தில் டிஸ்க் காலியாக இருக்கும், கணினியும் பயன்படாது. வீட்டு பிராட்பேண்ட் இல்லையென்றால் அது இருக்கும் வீட்டுக்குக் கணினியைக் கொண்டுபோய்ச் செய்யுங்கள்.

நான் முதலில் விசாரித்த கடையில் 2,500 ரூபாய் கேட்டார்கள். அதில் பழைய கோப்புகளைக் காப்பாற்றித் தருவது சேராது என்றும் சொன்னார்கள். இந்த வேலையில் காப்பாற்றுவதுதான் உண்மையான வேலை. நீக்குவது ஒரு பொத்தான்.

4. எது உயிரோடு இருக்கும் டேட்டா, எது பழையது?

முழு வேலையிலும் நிதானம் தேவைப்படும் இடம் இதுதான். இங்கே தவறினால் திரும்ப எடுக்க முடியாது.

பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். ‘டேட்டா - டேட்டா’ என்று நீண்ட பெயரில் இருப்பதுதான் தேவையில்லாத நகல் என்று நமக்குத் தோன்றும். சில மேக்குகளில் அதுதான் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் டேட்டா. அளவும் ஏமாற்றும். புதிதாகப் போட்ட ஓஎஸ்ஸில் உயிருள்ள டேட்டா சின்னதாகவும் பழையது பெரிதாகவும் இருப்பது வழக்கம். “பெரியதில்தான் என் கோப்பெல்லாம் இருக்கிறது, சின்னதைத் தூக்கிவிடலாம்” என்று கை போய்விடும்.

நம்பக்கூடியது மவுன்ட் பாயின்ட், அதாவது ஓஎஸ் அந்த வால்யூமை எந்தப் பாதையில் இணைத்திருக்கிறது என்பது. கணினியைச் சாதாரணமாகத் தொடங்கி, உங்கள் கணக்கில் நுழைந்து, டிஸ்க் யுட்டிலிட்டியில் ஒவ்வொரு டேட்டாவாகச் சொடுக்குங்கள். வலப்பக்கம் கீழே ‘மவுன்ட் பாயின்ட்’ என்ற வரி வரும். அதில் சிஸ்டம், வால்யூம்ஸ், டேட்டா என்று மூன்று சொற்களும் சாய்கோடுகளோடு வரிசையாக இருந்தால் அது உயிருள்ளது. தொடக்கத்தில் சிஸ்டம் என்ற சொல் இல்லாமல் நேராக வால்யூம்ஸ் என்று தொடங்கி, அதன்பின் வால்யூமின் பெயர் வந்தால் அது பழையது. பெயர் மங்கலாக இருந்து ‘நாட் மவுன்டட்’ என்று காட்டினாலும் அது இப்போது ஓடும் டேட்டா அல்ல.

இந்தச் சோதனையை ரெக்கவரியில் செய்யாதீர்கள். அங்கே ஓடிக்கொண்டிருப்பது ரெக்கவரியின் சொந்த ஓஎஸ். அதனால் உங்கள் டேட்டாக்கள் இரண்டுமே வெளியிலிருந்து செருகிய டிஸ்க் மாதிரி வால்யூம்ஸ் என்ற பாதையின்கீழ்தான் தெரியும். நான் முதல் வாரம் குழம்பியது முழுக்க இதனால்தான்.

கூடுதல் உறுதி வேண்டுமா? யுட்டிலிட்டீஸில் உள்ள டெர்மினலை (கட்டளைகளைத் தட்டும் ஆப்) திறந்து ‘டிஸ்க்யுட்டில் ஏபிஎஃப்எஸ் லிஸ்ட்’ (diskutil apfs list) என்ற மூன்று சொற்களை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இடையில் இடம்விட்டுத் தட்டுங்கள். முதல் சொல்லில் வரும் ‘டிஸ்க்’ கே எழுத்தில் முடியும், சி எழுத்தில் அல்ல. இது பட்டியல் மட்டும் போடும், எதையும் மாற்றாது. ஒவ்வொரு வால்யூமுக்கும் ‘ரோல்’ என்று ஒன்று காட்டும்: சிஸ்டம், டேட்டா, ப்ரீபூட், ரெக்கவரி, விஎம். பழையதற்கும் புதியதற்கும் ரோல் டேட்டா என்றே இருக்கும், அதனால் இங்கேயும் மவுன்ட் பாயின்ட் வரியைத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது தாளை எடுங்கள். பழைய டேட்டாவின் பெயர், அது பிடித்திருக்கும் அளவு, அதன் அடையாளமாக வரும் ‘டிஸ்க்1எஸ்5’ போன்ற எண் மூன்றையும் எழுதுங்கள். என் தாளில் இருந்தது: சிஸ்டம் 11 ஜிபி, புது டேட்டா 9 ஜிபி, பழைய டேட்டா 71 ஜிபி. ஒரு எச்சரிக்கை: டிஸ்க் எண்கள் நிலையானவை அல்ல. மறுபடி தொடங்கினால் மாறலாம், ரெக்கவரிக்குள் போனால் பெரும்பாலும் மாறும். ஆகவே நேற்று எழுதிய எண்ணை வைத்து இன்று நீக்காதீர்கள். பார்த்த கையோடு, அதே அமர்வில் நீக்குங்கள்.

ப்ரீபூட், ரெக்கவரி, விஎம், அப்டேட் என்ற பெயரில் தெரிபவை ஓஎஸ் தனக்கென வைத்திருப்பவை. அவற்றின் பக்கமே போக வேண்டாம்.

5. நீக்கும் முன் உள்ளே போய்ப் பாருங்கள்

பழைய டேட்டா வெறும் குப்பை அல்ல. ஓஎஸ் மறுபடி போட்டதால் போய்விட்டது என்று நீங்கள் அழுதுகொண்டிருந்த படங்களும் கடிதங்களும் இதற்குள் இருக்கலாம்.

மவுன்ட் ஆகாமல் இருந்தால் டிஸ்க் யுட்டிலிட்டியில் அதைத் தேர்ந்தெடுத்து, மேலே உள்ள ‘மவுன்ட்’ பொத்தானை அழுத்துங்கள். ஃபைல்வால்ட் இருந்தால் கடவுச்சொல் கேட்கும். பிறகு ஃபைண்டரில் அந்த வால்யூமைத் திறந்து, ‘யூசர்ஸ்’ ஃபோல்டருக்குள் பழைய பயனர் பெயரைத் தேடுங்கள்.

பல சமயம் ஒரு தடையும் இல்லாமல் திறந்துவிடும். மேக்கில் முதலில் உருவாகும் பயனருக்கு 501 என்ற எண் கிடைக்கும். பழைய ஓஎஸ்ஸில் நான் முதல் பயனர், புது ஓஎஸ்ஸில் அக்கா மகள் முதல் பயனர். இரண்டு பேருக்கும் அதே 501. கணினியின் கண்ணுக்கு என் கோப்புகளுக்கு அவள்தான் சொந்தக்காரி. என் ஆதார் ஸ்கேன் அவளுக்கு அத்தனை எளிதாகத் திறந்தது இப்படித்தான். நீங்கள் கோப்புகளை மீட்கும்போது இது உதவும். கணினியைப் பிறருக்குக் கொடுத்திருந்தால் இதுவே ஆபத்து. ஃபோல்டரில் சிவப்பு வட்டக் குறி இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து ‘கெட் இன்ஃபோ’ போய், கீழே பூட்டைத் திறந்து, உங்கள் பயனர் பெயரைச் சேர்த்துப் படிக்கும் அனுமதி கொடுங்கள்.

டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றையும் யாரும் மறப்பதில்லை. மறப்பது மற்றவற்றை.

‘பிக்சர்ஸ்’ ஃபோல்டரில் போட்டோஸ் லைப்ரரி ஒரே கோப்பு மாதிரி இருக்கும். அதைப் பிரிக்காமல் முழுசாக வெளி டிஸ்க்குக்கு எடுங்கள்.

‘லைப்ரரி’ என்ற ஃபோல்டர் மறைந்திருக்கும். கமாண்ட், ஷிஃப்ட், புள்ளி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் தெரியும். அதற்குள் ‘ஃபான்ட்ஸ்’ இருக்கிறது. தமிழில் வேலை செய்பவர்கள் இதைக் கட்டாயம் நகலெடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய ஆவணங்கள் உங்களிடம் இருந்தால், அந்த எழுத்துரு போனபின் அந்த ஆவணம் வெறும் ஆங்கில எழுத்துக் கூட்டமாகத்தான் திறக்கும். பத்து வருடங்களுக்கு முன் அப்பா தட்டி வைத்திருந்த குடும்ப வரலாறு எனக்கு அப்படித்தான் திறந்தது. ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த ஒரு கோப்பை எடுத்துப் போட்டதும் தமிழ் திரும்ப வந்தது. தனியாகப் போட்ட தமிழ் விசைப்பலகை இருந்தால், பக்கத்திலேயே ‘கீபோர்டு லேஅவுட்ஸ்’ என்ற ஃபோல்டர் இருக்கும். அதையும் எடுங்கள்.

நகல் முடிந்ததும் வெளி டிஸ்க்கிலிருந்து நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். ஒரு படம், ஒரு பிடிஎஃப், ஒரு வீடியோ. பிறகு டிஸ்க்கைக் கழற்றித் தனியே வையுங்கள். அடுத்த படியில் அது செருகியிருக்கக் கூடாது.

6. பழைய டேட்டாவை நீக்குதல்

இதற்கு ரெக்கவரிக்குப் போகச் சொல்லும் அறிவுரை நிறையக் கிடைக்கும். முடிந்தவரை போகாதீர்கள் என்பது என் கருத்து. சாதாரணமாகக் கணினி ஓடும்போது, உயிருள்ள டேட்டாவை நீங்கள் தவறிப்போய்த் தேர்ந்தெடுத்தாலும் அது பயன்பாட்டில் இருப்பதால் ஓஎஸ் நீக்க விடாது. ரெக்கவரியில் அந்தக் காவல் இல்லை. சொன்னதைச் செய்துவிடும்.

எல்லா ஆப்களையும் மூடுங்கள். டிஸ்க் யுட்டிலிட்டியில் பழைய டேட்டாவைச் சொடுக்கி, மவுன்ட் பாயின்ட்டை இன்னொரு முறை பாருங்கள். தாளில் எழுதிய அளவோடு ஒப்பிடுங்கள்.

மேலே ‘வால்யூம்’ என்ற இடத்தில் கூட்டல், கழித்தல் குறிகள் இருக்கும். கழித்தல் குறியை அழுத்துங்கள். பக்கத்தில் இருக்கும் ‘இரேஸ்’ வேண்டாம். அது உள்ளே இருப்பதைத் துடைத்துவிட்டுக் காலி வால்யூமை அங்கேயே நிறுத்திவைக்கும், பட்டியலில் இரட்டை அப்படியே இருக்கும்.

உறுதி கேட்கும் பெட்டி வரும். அதில் ‘டிலீட்’ என்பதோடு ‘டிலீட் வால்யூம் குரூப்’ என்றும் ஒரு பொத்தான் இருந்தால் கையை எடுங்கள். குரூப் என்றால் ஜோடி. நீங்கள் தேர்ந்தெடுத்தது ஓஎஸ்ஸோடு சேர்ந்த டேட்டாவாக இருக்கலாம். ‘கேன்சல்’ கொடுத்துவிட்டு நான்காம் படிக்குத் திரும்புங்கள். மவுன்ட் பாயின்ட் சோதனை சந்தேகமில்லாமல் தேறிய பிறகும் அந்தப் பொத்தான் வந்தால்கூட, வெறும் ‘டிலீட்’டை மட்டும் பயன்படுத்துங்கள்.

வேலை சில வினாடிகளில் முடியும். காலி இடம் உடனே கூடும். அக்கா மகளின் கணினியில் 28 ஜிபி என்று இருந்தது 99 ஆனது.

‘அன்மவுன்ட் செய்ய முடியவில்லை’ என்று பிழை வந்தால், அந்த வால்யூமிலிருந்து ஏதோ ஒரு கோப்பு திறந்திருக்கிறது, அல்லது மேக்கின் தேடல் வசதியான ஸ்பாட்லைட் அதை வருடிக்கொண்டிருக்கிறது. கணினியை ஒரு முறை மறுபடி தொடங்கி, வேறு எதையும் திறக்காமல் நேராக டிஸ்க் யுட்டிலிட்டிக்குப் போங்கள். பெரும்பாலும் தீர்ந்துவிடும். அப்படியும் மறுத்தால் மட்டும் ரெக்கவரி. அங்கே மவுன்ட் பாயின்ட் உதவாது, எண்ணும் மாறியிருக்கும் என்பதால், பெயரையும் அளவையும் தாளோடு ஒப்பிட்டுத்தான் அடையாளம் காண வேண்டும். இரண்டு டேட்டாவும் பெயரிலும் அளவிலும் ஒன்றுபோல இருந்தால், முன்கூட்டியே சாதாரண ஓஎஸ்ஸில் பழையதன் பெயரை ‘பழசு’ என்று மாற்றிவிட்டுப் போங்கள். நான் அப்படித்தான் செய்தேன், நிம்மதியாக இருந்தது.

டி2 சில்லு (இன்டெல் மேக்கில் ஆப்பிள் வைத்த பாதுகாப்புச் சில்லு) அல்லது எம்1 போன்ற எம் வரிசைச் சில்லு உள்ள மேக்கில் வால்யூமை நீக்கும்போது அதன் மறையாக்கச் சாவியும் சேர்ந்து அழிகிறது. பிறகு எந்த மீட்பு மென்பொருளாலும் கோப்பைத் திரும்ப எடுக்க முடியாது. ஐந்தாம் படியை அவசரப்பட்டு முடிக்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

7. பெயரைச் சீராக்குதல்

மிச்சம் இருக்கும் உயிருள்ள டேட்டாவின் பெயர் ‘டேட்டா - டேட்டா’ என்று நின்றால், டிஸ்க் யுட்டிலிட்டியில் அதன்மேல் வலச்சொடுக்கி ‘ரீநேம்’ கொடுத்து மாற்றலாம். மாற்றாமல் விட்டாலும் ஒன்றும் கெடாது. ஜோடி எது என்பதை ஓஎஸ் உள்ளே இருக்கும் அடையாள எண்ணால் அறிகிறது, பெயரால் அல்ல.

8. முழுவதையும் அழித்து முதலிலிருந்து போடுவது என்றால்

கணினியைக் கைமாற்றுகிறீர்கள், அல்லது டேட்டா மூன்று நான்கு ஆகி எது எதுவென்றே தெரியவில்லை என்றால் இதுதான் வழி.

அதற்கு முன் ஒன்று. பிக் சருக்கு அடுத்து வந்த மான்டரே அல்லது அதற்குப் பிந்தைய ஓஎஸ் இருந்து, கணினியில் டி2 அல்லது எம் வரிசைச் சில்லு இருந்தால் ரெக்கவரியே தேவையில்லை. ‘இரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ்’ என்ற வசதி செட்டிங்ஸில் இருக்கிறது. ஓஎஸ்ஸை அப்படியே வைத்துக்கொண்டு டேட்டாவை மட்டும் ஒழுங்காகத் துடைத்துவிடும். 12 ஜிபி இறக்க வேண்டாம், இரட்டை வால்யூமும் வராது.

அந்த வசதி இல்லாதவர்கள் முதலில் ஐகிளவுடிலிருந்து வெளியேறி, தொலைந்த கணினியைத் தேட உதவும் ‘ஃபைண்ட் மை’யை அணையுங்கள். பின்பு கணினியை அணைத்து ரெக்கவரிக்குள் போங்கள். இன்டெல் மேக்கில் இயக்கும் பொத்தானைத் தட்டியவுடன் கமாண்டையும் ஆர் எழுத்தையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். எம் வரிசை மேக்கில் இயக்கும் பொத்தானையே தொடக்கத் தெரிவுகள் வரும்வரை பிடித்திருந்து, ‘ஆப்ஷன்ஸ்’ போய் ‘கன்டினியூ’ கொடுக்க வேண்டும்.

டிஸ்க் யுட்டிலிட்டியில் ‘ஷோ ஆல் டிவைசஸ்’ போடுங்கள். ‘மேக்கின்டாஷ் எச்டி’யைத் தேர்ந்தெடுத்து ‘இரேஸ்’ அழுத்துங்கள். ஃபார்மட் ஏபிஎஃப்எஸ் (இப்போதைய மேக்குகளின் கோப்பு முறை) என்றே இருக்கட்டும். வரும் பெட்டியில் ‘இரேஸ் வால்யூம் குரூப்’ என்ற பொத்தான் தெரியும். நான் அழுத்தத் தவறிய பொத்தான் அதுதான். அதை அழுத்தினால் ஓஎஸ்ஸும் அதன் டேட்டாவும் சேர்ந்தே போகும். அதன்பிறகும் வேறு டேட்டா எதாவது பட்டியலில் மிச்சம் நின்றால், கழித்தல் குறியால் ஒவ்வொன்றாக நீக்குங்கள்.

உச்சியில் இருக்கும் எஸ்எஸ்டி வரியைத் தேர்ந்தெடுத்து அழிக்காதீர்கள், முக்கியமாக எம் வரிசை மேக்கில். அவற்றின் ரெக்கவரியும் அதே எஸ்எஸ்டியில்தான் இருக்கிறது. அது போனால், இன்னொரு மேக்கைக் கேபிளால் இணைத்துத்தான் உயிர் கொடுக்க முடியும். இரண்டாவது மேக்குக்கு எங்கே போவது?

பிறகு டிஸ்க் யுட்டிலிட்டியை மூடிவிட்டு ‘ரீஇன்ஸ்டால் மேக் ஓஎஸ்’. இன்டெல் மேக்கில் எந்த ஓஎஸ் வரும் என்பது தொடங்கும்போது பிடித்த விசைகளைப் பொறுத்தது. கமாண்ட், ஆர் என்றால் கடைசியாகப் போட்டிருந்த ஓஎஸ் வகை. கூடவே ஆப்ஷனும் பிடித்தால் அந்தக் கணினி ஏற்கும் புதியது.

‘ரெக்கவரி சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை’ என்று வந்தால் வைஃபையைச் சந்தேகிக்கும் முன் கணினியின் தேதியைப் பாருங்கள். நெடுநாள் அணைந்து கிடந்த கணினியில் தேதி பின்னோக்கிப் போயிருக்கும். தேதி தப்பாக இருந்தால் இணைப்பு ஏற்கப்படாது. ரெக்கவரியில் உள்ள டெர்மினலில் ‘டேட்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் தேதி தெரியும்.

சார்ஜர் செருகியே இருக்கட்டும். இடையில் கணினி தானாகவே சில முறை அணைந்து தொடங்கும். பட்டை ஒரே இடத்தில் அரை மணி நேரம் நிற்பதும் உண்டு. மூடியைச் சாத்தாதீர்கள், அணைக்காதீர்கள்.

முடிந்ததும் நாடு, மொழி கேட்கும் வரவேற்புத் திரை வரும். கணினி உங்களுக்கே என்றால் தொடருங்கள். பயனர் கணக்கு உருவாக்கியதும், கோப்புகளைத் திரும்ப ஏற்றும் முன், டிஸ்க் யுட்டிலிட்டியைத் திறந்து டேட்டா ஒன்றுதான் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பிறருக்குக் கொடுப்பதானால் அந்தத் திரையில் எதையும் நிரப்ப வேண்டாம். கமாண்டையும் க்யூ எழுத்தையும் சேர்த்து அழுத்தி, ‘ஷட் டவுன்’ கொடுத்து அப்படியே கொடுங்கள். வாங்குபவர் திறக்கும்போது அந்த வரவேற்புத் திரைதான் வரும்.